நாற்பது பங்கில் ஒரு துப்பாக்கி

எங்கள் தந்தையார் அவர்கள் வஃபாத்தான மூன்றாம் நாள், ஃபாத்திஹா ஓதி முடித்து உறவினர்கள் கலைந்த பின்னர், பள்ளிவாசல் ஹஸ்ரத் அவர்கள் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் அமர்ந்து சொத்துக் கணக்கை எழுதத் தொடங்கினார்கள். கஃபன், அடக்கச் செலவு, கடன், வஸிய்யத்து ஆகியவை போக மிஞ்சியதே வாரிசுகளுக்குரியது என்பதையும், அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12 ஆம் வசனங்களின்படி அது எவ்வாறு பிரியும் என்பதையும் விளக்கினார்கள். மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியில் ஆண் மக்கள் இருவருக்கும் தலைக்கு இரண்டு பாகம், பெண் மகளுக்கு ஒரு பாகம். ஆக மொத்தம் 40 பங்கு. அம்மாவுக்கு 5, அக்காவுக்கு 7, எங்கள் இருவருக்கும் தலைக்கு 14.

நிலம், வீடு, இரண்டு மாடுகள், அக்காவின் திருமணத்துக்குப் பிறகு எஞ்சியிருந்த சில பாத்திரங்கள் எல்லாம் ஏட்டில் ஏறின. ஹஸ்ரத் அவர்கள் தலை நிமிர்ந்து, கஅபாவின் படத்துக்கு எதிர்ச் சுவரில் இரண்டு மர முளைகளின் மேல் கிடந்த நீண்ட துப்பாக்கியைப் பார்த்தார்கள். "இதன் மதிப்பு என்ன?" என்று கேட்டார்கள்.

எங்களில் ஒருவருக்கும் விடை தெரியவில்லை. அதுவரை அதற்கு விலை உண்டு என்று நாங்கள் எண்ணியதே இல்லை. பெருமை மட்டுமே உண்டு என்று எண்ணியிருந்தோம்.

அந்தப் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறோம். கம்பம் பள்ளத்தாக்கில் மலையடிவாரத்தை ஒட்டிய எங்கள் ஊரில், "ரைபிள்காரர் வீடு" என்றால்தான் எங்கள் வீட்டுக்கு வழி சொல்வார்கள். எங்கள் பாட்டனாரின் பாட்டனார் சென்னை ராணுவத்தில் சிப்பாயாக இருந்தார் என்றும், 1857 ஆம் ஆண்டுக் கலகத்தில் வடக்கே சென்று போரிட்டார் என்றும், அவருடைய வீரத்தை மெச்சி வெள்ளைத் தளபதி தம் கையாலேயே இந்த ரைபிளைப் பரிசளித்தார் என்றும் கேட்டு வளர்ந்தோம். ஒரு மைலுக்கு அப்பால் நிற்பவனையும் வீழ்த்தும் என்பார்கள். கதை சொல்பவரின் மனநிலைக்கேற்ப, சில இரவுகளில் அந்தப் பாட்டனார் வெள்ளையருக்காகப் போரிட்டார். சில இரவுகளில் வெள்ளையரை எதிர்த்துப் போரிட்டார். இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியாதே என்று கேட்கும் துணிவு சிறுவயதில் எங்களுக்கு இருந்ததில்லை.

தந்தையார் அவர்கள் அந்தக் கதையைச் சொன்னதே இல்லை. பிறர் சொல்லும்போது மறுக்கவும் மாட்டார்கள். அவர்களுக்குத் துப்பாக்கி என்பது பயிர்க் காவலுக்கு உரியது. காட்டுப்பன்றி மக்காச்சோளத்தில் இறங்கும் பருவத்தில், கருமருந்தை மட்டும் இட்டு வானை நோக்கி வெடித்து விரட்டுவார்கள். 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் ரவை போடுவதையே விட்டுவிட்டார்கள். முதுமை வந்து காவலுக்குப் போவது நின்றபின் துப்பாக்கி சுவரிலேயே தங்கிவிட்டது. உரிமத்தை மட்டும் தவறாமல் புதுப்பித்து வந்தார்கள்.

அன்று இரவு எங்கள் தம்பி தம் கைப்பேசியில் வெளிநாட்டு ஏல விற்பனைகளைத் தேடினார். பழைய ராணுவத் துப்பாக்கிகளுக்கு அமெரிக்காவில் டாலர் கணக்கில் விலை எழுதியிருப்பதைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது. துருவைத் துடைத்துப் பளபளப்பாக்கினால் விலை கூடும் என்று எண்ணி, உப்புத்தாளை எடுத்துக் குழலின் நடுவில் தேய்க்கத் தொடங்கினார். நான்கு விரல் அகலம் வெள்ளியாய் மின்னியபோது அக்கா உள்ளேயிருந்து வந்து அவர் கையைப் பிடித்தார்கள்.

"தம்பி, இன்னும் பங்கு பிரியவில்லை. இதில் அம்மாவுக்கும் எனக்கும் பாகம் இருக்கிறது. எங்கள் பாகத்தையும் சேர்த்துத் தேய்க்கிறாய்."

விளையாட்டாகத்தான் சொன்னார்கள். ஆயினும் அந்தச் சொல்லில் பின்னால் வரவிருந்த யாவும் அடங்கியிருந்தன.

மறுநாள் காலை, மருந்தை இடிக்கும் இரும்புக்கோலைக் குழலுக்குள் விட்டுப் பார்த்தோம். வாய்ப்புறத்தில் கோலின் மேல் விரலை வைத்துக் குறித்துக்கொண்டு, அதை வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் வைத்து அளந்தோம். வாய்வழி மருந்திடும் துப்பாக்கி காலியாக இருந்தால், கோல் குழலின் அடிவரை, கேப்பு வைக்கும் முளை இருக்கும் இடம்வரை இறங்க வேண்டும். எங்கள் கோல் நான்கு விரற்கடை முன்னதாகவே நின்றது. உள்ளே ஏதோ இருந்தது.

எங்களுக்கு உடல் சில்லிட்டது. கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறாண்டு கழிந்தும் வீரியம் இழக்காது என்று பின்னர் அறிந்தோம். பெருநாள் தோறும் எங்கள் பிள்ளைகள் அந்தத் துப்பாக்கியின் அடியில் நின்றுதான் படம் எடுத்துக்கொள்வார்கள். முதல் நாள் இரவு தம்பி அதை மடியில் கிடத்தித் தேய்த்திருந்தார். பழந்துப்பாக்கி வைத்திருக்கும் வாசகர்கள் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: விலையைக் கேட்கும் முன்பு, உள்ளே மருந்து இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தாங்களே எடுக்க முயலாதீர்கள்.

அன்றே காவல் நிலையத்துக்குத் தெரிவித்தோம். அங்குதான் மற்றோர் உண்மையும் விளங்கியது. உரிமம் தந்தையார் பெயரில் இருந்தது. அவர்கள் மறைந்த கணத்திலேயே அதன் பயன் முடிந்துவிட்டது. 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21 ஆம் பிரிவின்படி, வைத்திருக்கும் உரிமை அற்றுப்போன ஆயுதத்தைத் தேவையற்ற தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். "இது பழம்பொருள்தானே?" என்று தம்பி கேட்டார். ஆய்வாளர் பொறுமையாக விளக்கினார். அச்சட்டத்தின் 45 ஆம் பிரிவு பழம்பொருளான ஆயுதங்களுக்கு விலக்கு அளிப்பது உண்மை. ஆனால் பழையதாய் இருப்பது மட்டும் போதாது. பழுது பார்த்தாலும் பயன்படாததாகவும் இருக்க வேண்டும். எங்களுடையதோ மருந்து நிறைத்த நிலையில் வந்திருக்கிறது!

மருந்தை அகற்றுவதற்கு, துப்பாக்கி பழுது பார்க்கும் உரிமம் பெற்ற முதியவர் ஒருவரை மதுரையிலிருந்து வரவழைத்தார்கள். அம்மா இத்தாவில் இருந்தமையால் வரவில்லை. நாங்கள் மூவரும் போயிருந்தோம். பெரியவர் முதலில் கேப்பு முளையின் வழியாக எண்ணெய் விட்டு மருந்தை நனைத்தார். பின்பு முனையில் திருகு பொருந்திய கோலை உள்ளே செலுத்தி மெல்லத் திருகி இழுத்தார். தேங்காய் நாரால் ஆன அடைப்பு ஒன்று வந்தது. அதன் பின்னால் கட்டியாகிப்போன கருமருந்து காகிதத்தின் மேல் கொட்டியது. ரவை இல்லை. தந்தையார் அவர்கள் கடைசியாக நிறைத்து வெடிக்காமல் விட்டது, பன்றியை விரட்டும் வெற்று வெடி.

அந்த நாரைப் பார்த்ததும் அக்கா அழுதுவிட்டார்கள். எங்கள் தோட்டத்துத் தேங்காய் நார் அது. தந்தையார் அவர்களின் விரல்கள் உருட்டியது.

குழல் காலியானதும் பெரியவர் சிறிய விளக்கு ஒன்றை உள்ளே இறக்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு எங்களையும் பார்க்கச் சொன்னார்.

"என்ன தெரிகிறது, பாய்?"

"ஒன்றும் இல்லை. வழவழப்பாக இருக்கிறது."

"அதுதான் செய்தி. இது ரைபிள் அல்ல."

எங்கள் வீட்டின் பெயரே அந்த ஒரு சொல்லில் கரைந்து போயிற்று. ரைபிள் என்பதன் பொருளே குழலின் உட்புறம் புரி வெட்டியது என்பதாகும். அந்தப் புரிகள் குண்டைச் சுழலச் செய்து நேராகச் செலுத்துகின்றன. புரி இல்லாத குழலில் குண்டு சுழலாது; 100 கெஜத்துக்கு அப்பால் அதன் குறியை நம்ப முடியாது. ஒரு மைல் தொலைவுக் கதையை அந்த விளக்கு ஒரே கணத்தில் முடித்துவிட்டது.

ஆனால் பெரியவர் முடிக்கவில்லை. துப்பாக்கியை நாங்கள் அதுவரை படித்திராத ஏடு போல் அவர் படிக்கலானார். கேப்பைத் தட்டும் குதிரைக்குப் பின்னால், பக்கத் தகட்டில், முடியும் அதன் கீழ் விக்டோரியா அரசியைக் குறிக்கும் வி.ஆர். என்ற எழுத்துகளும் இருந்தன. முன்பக்கம் டவர் என்ற சொல்லும் 1858 என்ற ஆண்டும் இருந்தன. கிழக்கிந்தியக் கம்பெனிக்கென்று செய்தவற்றில் முடிக்குப் பதிலாக முன்கால் தூக்கிய சிங்கம் இருக்கும் என்றார். எழுத்துகள் பிசிறின்றிச் சீராக இருந்தன. தர்ரா ஆதம் கேல் ஊரின் கொல்லர்கள் ஆங்கிலத் துப்பாக்கிகளை அப்படியே செய்துவிடுவார்கள் என்றும், எழுத்துகள் தலைகீழாகத் திரும்பியிருப்பதையும், அரசி இறந்த 1901க்குப் பிந்தைய ஆண்டோடு அவர் பெயரின் எழுத்துகள் சேர்ந்து வருவதையும் கொண்டு அவற்றைக் கண்டுகொள்ளலாம் என்றும் விளக்கினார். எங்களுடையது போலி அன்று.

பின்பு அளந்தார். குழலின் நீளம் 39 அங்குலம். அதை மரத்தோடு பிணைக்கும் வளையங்கள் மூன்று. மொத்த நீளம் 55 அங்குலம். "வடிவம் முழுவதும் 1853 ஆம் ஆண்டு என்ஃபீல்டு ரைபிளுடையது. அந்த ரைபிளின் குழல் வாய் .577 அங்குலம், உள்ளே மூன்று புரிகள். உங்களுடையது .656. புரிகள் இல்லை. தொலைவுக்கேற்ப நிமிர்த்தும் ஏணி போன்ற குறிகாட்டி அந்த ரைபிளில் இருக்கும். இதில் அசையாத ஒரு கட்டை மட்டும்தான் இருக்கிறது. குழலின் சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது, பாருங்கள். இது ரைபிளாக இருக்க வேண்டியதுதான், அம்மா. புரியைக் கடைந்து எடுத்துவிட்டார்கள்" என்று அக்காவிடம் சொன்னார்.

"ஏன்?" என்றார்கள் அக்கா.

அந்த ஒரு சொல்லுக்கான விடையைத் தேடி நாங்கள் பல வாரங்கள் நூலகங்களில் அமர்ந்தோம். கிடைத்ததை இங்கே சுருக்கித் தருகிறோம்.

1857 ஆம் ஆண்டின் பெருங்கிளர்ச்சிக்கு உடனடிக் காரணமாக அமைந்தது இந்த என்ஃபீல்டு ரைபிளின் தோட்டாவே. மருந்தும் குண்டும் வைத்துச் சுருட்டிய காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்துக் குழலில் கொட்ட வேண்டும். அக்காகிதத்தில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவப்பட்டிருப்பதாக அவ்வாண்டு ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மிலிருந்து செய்தி பரவியது. இந்துச் சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் ஒருங்கே மனம் கொதித்தனர். ஏப்ரலில் மீரட்டில் குதிரைப்படை வீரர் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். மே 9 அன்று அனைவர் முன்னிலையிலும் அவர்களுக்கு விலங்கு பூட்டினார்கள். மறுநாள் மீரட் எரிந்தது.

கிளர்ச்சி அடங்கியபின், 1858 இல் ஆட்சி கம்பெனியிடமிருந்து அரசியின் கைக்கு மாறியது. சிப்பாயின் கையில் என்ன ஆயுதம் இருக்கலாம் என்ற வினா எழுந்தது. வெள்ளைச் சிப்பாயிடம் ரைபிள் இருக்கும். இந்தியச் சிப்பாயிடம் அதே தோற்றமுடைய, ஆனால் புரியற்ற துப்பாக்கி இருக்கும். இதுவே விடை. 1858 ஆம் ஆண்டு மாதிரி என்று இன்று சேகரிப்பாளர்கள் வழங்குவது இதைத்தான். புரியைக் கடைந்ததால் சுவர் மெலிந்து குழல்கள் நெளிந்தன, புடைத்தன. ஆகவே 1859 இல் தடித்த குழலோடு வேறு மாதிரி வந்தது. அதற்கும் புரி இல்லை. அதே ஆண்டில் பீல் ஆணையம், வங்காளப் படையில் ஐரோப்பியர் ஒருவருக்கு இந்தியர் இருவருக்கு மேல் இருக்கலாகாது என்றும், சென்னை, பம்பாய்ப் படைகளில் ஒருவருக்கு மூவருக்கு மேல் இருக்கலாகாது என்றும் பரிந்துரைத்தது. பீரங்கிகள் பெரும்பாலும் வெள்ளையர் கையிலேயே வைக்கப்பட்டன. 1878 இல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம், இந்தியர் ஆயுதம் வைத்திருக்க உரிமம் வேண்டும் என்றது. ஐரோப்பியருக்கு அதிலிருந்து விலக்கு அளித்தது.

எங்கள் சுவரில் தொங்கியதை இப்போது அறிந்துகொண்டோம். அது வீரத்துக்கான பரிசு அன்று. அரசாங்கம் தன் சிப்பாய்கள் மேல் கொண்ட ஐயத்தை இரும்பில் எழுதி வைத்த சாசனம். தோட்டாவைக் கடிக்க மறுத்தவனின் மனச்சான்றை மதிப்பதற்குப் பதிலாக, அவன் கையில் இருக்கும் குழலைக் கெடுத்துக் கொடுத்தார்கள்.

கதையின் எஞ்சிய பகுதியும் நிற்கவில்லை. தகட்டில் 1858 என்று இருக்கும் துப்பாக்கி 1857 மே மாதத்துப் போரில் இருந்திருக்க இயலாது. சென்னை ராணுவம் பெரும்பாலும் அக்கிளர்ச்சியில் சேரவும் இல்லை. தந்தையார் அவர்களின் தகரப் பெட்டியில் உரிமத் தாள்களின் அடியில் மிகப் பழைய தாள் ஒன்று கிடந்தது. எங்கள் பாட்டனாரின் தந்தையார் பெயரில், பயிரைக் காட்டுப்பன்றியினின்று காப்பதற்கு, வாய்வழி மருந்திடும் பழைய துப்பாக்கி ஒன்று என்று அதில் எழுதியிருந்தது. தளபதியும் இல்லை, பரிசும் இல்லை. தந்தையார் அவர்கள் ஏன் அந்தக் கதையைச் சொன்னதே இல்லை என்பதும் எங்களுக்கு அப்போது விளங்கியது. தாளைப் படித்தவர்கள் அவர்கள்.

இனி விலை. இதைக் குறித்து எங்களைப் போல் மயங்கக்கூடியவர்களுக்காகச் சொல்கிறோம். தம்பி கைப்பேசியில் கண்ட விலைகள் வேறொரு நாட்டின் சந்தைக்குரியவை. அமெரிக்காவின் மத்தியச் சட்டம் 1898 வரை செய்யப்பட்ட துப்பாக்கிகளைப் பழம்பொருளாகக் கருதுகிறது. ஆதலால் அவை அங்கே எளிதில் கைமாறுகின்றன. நேபாளத்தில் காத்மாண்டு அரண்மனை ஒன்றில் குவிந்து கிடந்த பழைய துப்பாக்கிகளை அமெரிக்க வணிகர்கள் 2003 இல் மொத்தமாக வாங்கிச் சென்றதும் உண்டு. நமக்கு அந்த வழி இல்லை. 1972 ஆம் ஆண்டுத் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டத்தின்படி நூறாண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்பலாகாது. உள்நாட்டிலோ, உரிமம் உள்ளவருக்கும் உரிமம் பெற்ற வணிகருக்கும் மட்டுமே விற்கலாம். வாங்குவோர் சிலரே. ஆகவே விலையும் சிறிதே.

அந்தச் சிறிய விலையையும் எவை கூட்டும், எவை குறைக்கும் என்று பெரியவரிடம் கேட்டோம். உறுப்புகள் யாவும் அதற்கே உரியனவாக இருத்தல், முத்திரைகள் அழியாதிருத்தல், மரம் வெடிக்காதிருத்தல், எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு வந்தது என்று காட்டும் தாள் இருத்தல் ஆகியவை கூட்டும். காலத்தால் படிந்த கருமை நிறத்தைச் சுரண்டுவது குறைக்கும். செந்துரு பரவாமல் மெல்லிய எண்ணெய் தடவினால் போதும். உப்புத்தாள் கூடவே கூடாது. தம்பி தேய்த்த நான்கு விரல் இடத்தைத் தடவிப் பார்த்துப் பெருமூச்செறிந்தார். "நூற்று அறுபது வருடம் சேர்த்ததை ஒரே ராத்திரியில் எடுத்துவிட்டீர்களே, பாய்" என்றார். பிறகு அவர் சொன்ன தொகை, ஒரு கறவை மாட்டின் விலையைத் தாண்டவில்லை.

வீட்டுக்குத் திரும்பி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அம்மா சிறிது நேரம் வெற்றுச் சுவரின் இரண்டு மர முளைகளையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "உங்கள் அத்தாவுக்கு அது பன்றி விரட்டத்தான் வேண்டியிருந்தது" என்று மட்டும் சொன்னார்கள்.

துப்பாக்கியைத் தாமே வைத்துக்கொள்ளத் தம்பி விரும்பினார். வாரிசு ஒருவர் மற்றவர்களின் சம்மதத்தோடு மாவட்ட ஆட்சியரிடம் உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்றார்கள். சம்மதத் தாளில் கையொப்பம் இடும் நேரம் வந்தபோது, எங்கள் மனத்தில் இருந்த ஒரு சிறுமை வெளிப்பட்டது. "இந்தச் சொற்பத் தொகையில் அக்காவுக்கு என்ன பங்கு பிரிப்பது? அவர்கள் கேட்கவா போகிறார்கள்?" என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். நம் குடும்பங்களில் வழக்கமாக நடப்பதுதான் இது. நிலத்திலும் வீட்டிலும் சகோதரிகள் வெட்கத்தால் விட்டுக்கொடுப்பதை அவர்களுடைய பெருந்தன்மை என்று புகழ்ந்துவிட்டு, நாம் நிம்மதியாக அனுபவிப்போம்.

அக்கா பேனாவைக் கீழே வைத்தார்கள்.

"எனக்கு இந்தப் பணம் தேவையில்லை என்பது உண்மை. ஆனால் நான் வேண்டாம் என்றால், நாளை என் மகளும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். 40 இல் 7 என்று அல்லாஹ் விதித்ததைக் கணக்குப் பார்த்துக் கொடுங்கள். வாங்கிய பிறகு என்ன செய்வது என்பது என் விருப்பம்."

குறைவாயினும் கூடுதலாயினும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பங்கு உண்டு என்ற கருத்தை அந்நிஸா அத்தியாயத்தின் 7 ஆம் வசனத்தில் எத்தனை முறை ஓதியிருப்போம்! குறைவு என்ற சொல் எதற்காக அங்கே இருக்கிறது என்று அன்றுதான் சிந்தித்தோம். பெரிய சொத்தில் நீதி செய்வதை ஊர் பார்க்கிறது; வழக்கு மன்றம் பார்க்கிறது. சிறிய சொத்தில் நாம் நீதி செய்கிறோமா என்பதை அவன் ஒருவனே பார்க்கிறான். ஒருவர் மேல் நம்பிக்கை வைத்திருப்பதாகச் சொல்லிக்கொண்டே புரியைக் கடைந்து எடுத்த துப்பாக்கியை அவர் கையில் கொடுப்பதும், சகோதரிக்குப் பங்கு உண்டு என்று சொல்லிக்கொண்டே அதன் உள்ளீட்டை எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் கொடுப்பதும் வெகு தொலைவில் இல்லை. வெள்ளையரைக் குறை கூற வந்த நாங்கள் அன்று தலை குனிந்தோம்.

தம்பி அன்றே அம்மாவின் 5 பங்குக்கும் அக்காவின் 7 பங்குக்கும் எங்களுடைய 14 பங்குக்கும் உரிய தொகையைக் கணக்கிட்டுக் கொடுத்தார். நான்கு விரல் தேய்த்ததற்கு ஈடாகச் சிறிது கூட்டியே கொடுத்தார். அக்கா எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு கையொப்பமிட்டார்கள்.

உரிமம் கிடைத்துத் துப்பாக்கி வீடு திரும்பியிருக்கிறது. இப்போது அது பூட்டிய பெட்டியில், வெறுங்குழலோடு இருக்கிறது. பழைய உரிமத் தாளோடு நாங்கள் எழுதிய ஒரு பக்கத்தையும் சேர்த்து வைத்திருக்கிறோம். அது எந்த ஆண்டு செய்யப்பட்டது, புரி எதற்காக எடுக்கப்பட்டது, எங்கள் முன்னோர் அதை எதற்கு வைத்திருந்தார்கள், 40 பங்கு எவ்வாறு பிரிந்தது என்பவை அதில் உள்ளன. பெட்டியின் மூலையில், ஒரு சிறு காகிதத்தில் மடித்து, தந்தையார் அவர்கள் உருட்டிய அந்தத் தேங்காய் நாரும் இருக்கிறது. அதற்கு யாரும் மதிப்புக் கேட்கவில்லை. நாங்களும் பங்கு பிரிக்கவில்லை.

எங்கள் தந்தையாரின் கப்ரை அல்லாஹ் ஒளி நிறைந்ததாக ஆக்குவானாக. அவர்கள் விட்டுச் சென்றவற்றில் உண்மையானதைக் காக்கும் தெம்பையும், பிறர் பங்கை அஞ்சி நடக்கும் நெஞ்சையும் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.